மாமாவின் பூட்ஸுக்கு ஒரு பலகை

மாமனார் வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்த மாப்பிள்ளைக்கு எந்தக் கேடும் வராது. இட்லி போட்டால் சாப்பிட வேண்டும், காபி கொடுத்தால் குடிக்க வேண்டும், டிவியில் எந்தச் சேனல் ஓடினாலும் அதையே பார்க்க வேண்டும். கெடுதல் எல்லாம், நம்மால் இந்த வீட்டுக்கு ஏதாவது உபயோகம் உண்டா என்று யோசிக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. நான் ஒரே ஒரு நாள் அப்படி யோசித்தேன். அன்று சாயங்காலம் சங்கரன்கோவிலில், என் மாமனார் வீட்டுத் தெருவில், ஊரே சுற்றி நிற்க என்னைக் குளிப்பாட்டினார்கள். (நானாகக் குளிக்கவில்லை. குளிப்பாட்டினார்கள். வித்தியாசம் போகப் போகப் புரியும்.)

என் மாமனாருக்குக் கரிவலம்வந்தநல்லூரில் கொஞ்சம் நஞ்சை உண்டு. முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து டாக்டர் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். குனியக்கூடாது, வயலுக்குப் போகக்கூடாது. மாமா முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டார். காலையில் டிவிஎஸ்ஸில் கிளம்பினால் வெயில் தாழத்தான் வீடு திரும்புவார். வரப்பில் ஒருமுறை விரியன் பாம்பைப் பார்த்ததிலிருந்து முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். போட்டுக்கொண்டு போவது சுலபம். கழற்றுவதுதான் குடும்பப் பிரச்சினை. நாள் முழுக்கச் சேற்றிலும் வியர்வையிலும் ஊறிய பூட்ஸ் காலோடு ஒட்டிக்கொள்ளும். குனிந்து இழுக்க அவரால் முடியாது. நானும் என் மனைவி கோமதியும் மாமாவைக் கவனித்துக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த சமயம் அது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு, சாயங்காலமானால் மாமனாரின் பூட்ஸை இழுக்கும் உத்தியோகம் கூடுதலாகக் கிடைத்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். நான் குதிகாலைப் பிடித்து இழுப்பேன். பூட்ஸ் வராது, நாற்காலி வரும். பிறகு திடீரென்று பூட்ஸ் வரும், நான் பூட்ஸோடு சுவர் வரைக்கும் போவேன். "பார்த்து மாப்ள" என்பார் மாமா, மிகுந்த மரியாதையோடு.

அப்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரர், மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல், ரம்பமும் உளியும் வைத்துக்கொண்டு ஒரு பலகை செய்கிறார். ஒன்றரை அடி நீளம். ஒரு முனையில் குதிகால் நுழைகிற அளவுக்கு வளைவாக ஒரு வெட்டு. அந்த முனை தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிற்க அடியில் ஒரு கட்டை. அவ்வளவுதான். ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, மற்றக் காலின் குதியை அந்த வெட்டுக்குள் வைத்து இழுத்தால் பூட்ஸ் கழன்றுவிடும். குனியவே வேண்டாம்.

மாமாவிடம் காட்டினேன். "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா மாப்ள?" என்றார்.

"பத்து நிமிஷ வேலை மாமா" என்றேன்.

மறுநாள் மின்வாரியத்தின் பராமரிப்பு நாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. மாமா வீட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வந்த முதல் நாள் எனக்குத் தலை வலித்தது, அடுத்த வாரம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே மறந்துபோனது. அது நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் சத்தம்தான் துணை என்று. ஓர் இழுப்பில் எல்லாத் தறிகளும் நின்றன. அதற்குப் பிறகு வந்த அமைதியில், எதிர்வீட்டில் யாரோ சொம்பைக் கீழே வைப்பது கூட என் காதுக்குள் வைப்பது போலக் கேட்டது. தெருநாய் ஒன்று நடுத்தெருவில் எழுந்து நின்று, என்ன நடந்தது என்று பார்ப்பது போலச் சுற்றிலும் பார்த்தது.

மாமா வயலுக்குப் போய்விட்டார். கோமதி சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கு ராஜபாளையம் போயிருந்தாள். அத்தைக்குக் காதுவலி. காதில் எண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தார். வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லாத அந்த நேரத்தில் நான் முன்கட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்த மாமாவின் தகரப்பெட்டியை இழுத்தேன். கைரம்பம், உளி, சுத்தியல், அரம் எல்லாம் இருந்தன. மரம் மட்டும்தான் இல்லை.

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற முடுக்கு. அதில் பழைய பெஞ்சு ஒன்று சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தது. கனத்த பலகை, கறுத்துப் போயிருந்தது, ஆனால் ஓரிடத்தில்கூடச் செல்லரிக்கவில்லை. விசித்திரமான பெஞ்சு. ஒரு பக்கக் கால்கள் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டை. பலகையில் அங்கங்கே துளைகள். எந்த அரைகுறை ஆசாரி செய்ததோ, இதை வைத்துக்கொண்டு யாரும் நேராக உட்காரக்கூட முடியாதே என்று சிரித்துக்கொண்டேன்.

இருந்தாலும் கேட்காமல் எடுக்கக்கூடாது. உள்ளறை வாசலில் நின்று சத்தமாகக் கேட்டேன். "அத்தை, முடுக்குல இருக்கிற பெஞ்சு நம்மளுதா?"

தூக்கக் கலக்கத்தில் அத்தை சொன்னார்: "நம்மளுதுன்னு என்ன மாப்ள. அது எல்லாருக்கும் உள்ளதுதான்."

அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பெஞ்சைத் தூக்கிவந்து வீட்டுக்கு முன்னால் தெருவில் போட்டேன். அழுக்காக இருந்ததால், பின்கட்டுத் தொட்டியிலிருந்து முடுக்கு வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் பெஞ்சில் நிற்காமல் குட்டைக்கால் பக்கமாக அழகாக ஓடித் தரையில் விழுந்தது. வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. பெஞ்சு காயட்டும் என்று விட்டுவிட்டு உளியைத் தீட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்கா பெஞ்சுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது.

"தம்பி, பெஞ்சை நீங்களா கழுவினிய?"

"ஆமாக்கா. வேற யாரு இருக்கா, நானே கழுவிட்டேன்."

"பெரியவருக்கா?"

"ஆமா, மாமாவுக்குத்தான்."

அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். "நேத்துக்கூட வண்டில போனாவளே" என்றார்.

"போனாரு. ஆனா எத்தனை நாளா கஷ்டப்படுறாரு பாருங்க. குனிய முடியலை, நிமிர முடியலை. இன்னையோட அந்தக் கஷ்டம் முடிஞ்சுது. இனிமே நிம்மதி."

அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. பூட்ஸ் விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

"கோமதிக்குச் சொல்லியாச்சா?"

"இல்லக்கா. சாயங்காலம் வருவா. வந்து அவளே பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பின்பக்கமாகவே நாலடி நடந்து, தன் வீட்டுக்குள் போனார்.

நான் ரம்பத்தை வைத்தேன். பெஞ்சின் ஒரு முனையில், கால்களுக்கு வெளியே பலகை நன்றாக நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே அறுத்தால் பெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. அறுக்க ஆரம்பித்ததும் மூக்கில் ஏதோ ஏறியது. மரத்தூள் வாசனை இல்லை. சீயக்காய். ரம்பம் உள்ளே போகப் போக வாசனை கூடியது. சீயக்காய், மஞ்சள், எப்போதோ காய்ந்துபோன நல்லெண்ணெய். ஒரு மரத்துக்குள் எத்தனை பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் இப்படி வாசனை வரும் என்று தோன்றியது. ஏதோ பழைய குளியலறைப் பெஞ்சு போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். (ஒரு வகையில் நான் நினைத்தது சரிதான்.) துண்டு தனியாகி 'டொக்' என்று தரையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வரிசையில் வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் பார்த்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு முதன்முதலாக முதுகில் ஏதோ ஊர்ந்தது. துண்டை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குள் போய்விட்டேன்.

வேலையில் இறங்கியதும் மறந்துபோனது. மாமாவின் குதிகாலை நூல் வைத்து அளந்திருந்தேன். பலகையில் வளைவை வரைந்து, இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, நடுவில் இருந்ததை உளியால் கொத்தி எடுத்தேன். வீடியோவில் அந்த மனிதருக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கு ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக வாதாடிவிட்டுத்தான் வெளியே வந்தது. இரண்டு விரலில் ரத்தம். மரத்தூள் விழுந்து கண் சிவந்து, கண்ணீர் நிற்காமல் ஓடியது. பிறகு அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். (அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே ஒருவர், "பாடையும் அவரே செய்தாரு போல, இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைக்கும்" என்று சொன்னாராம். என்னை யாராவது பாராட்டினார்கள் என்றால் அது அன்று மட்டும்தான்.)

முடித்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் செருப்புகள்.

அப்போது வரை ஒரு காலடிச் சத்தம் கேட்டிருக்கவில்லை. ஆனால் வாசலோரம் செருப்புகள் வரிசையாக, ஜோடி ஜோடியாக, ஏராளமாகக் கிடந்தன. எட்டிப் பார்த்தேன். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் எங்கள் வீட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. எல்லா நாற்காலியிலும் ஆட்கள். பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. என் கையில் பலகை, நெஞ்சில் மரத்தூள், கண்ணில் தண்ணீர். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் பேச்சிமுத்து அண்ணாச்சி எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கீய தம்பி?" என்றார்.

"எதை அண்ணாச்சி?"

"மக வந்து முகத்தைப் பாக்கணும்லா. இன்னைக்கே எடுத்துரலாமா, விடியட்டும்னு வச்சுக்கிடுவமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மனசுல அடக்கி வைக்காதிய. அழணும்னா அழுதிருங்க" என்றார்.

அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். நான் கழுவிய பெஞ்சின் மேல் ஒரு ரோஜாமாலை கிடந்தது.

சரி, யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. யார் என்பதுதான் புரியவில்லை. இவ்வளவு பேர் எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்போது இருந்தது நானும் அத்தையும். நான் இருக்கிறேன் என்று எனக்கு ஓரளவு நிச்சயமாகத் தெரிந்தது.

உள்ளே ஓடினேன். கரண்ட் இல்லாத உள்ளறையில் பகலிலும் பாதி இருட்டு. அத்தை நேராக, மல்லாந்து, கைகளை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். காதில் வெள்ளைப் பஞ்சு. "அத்தை" என்றேன். அசைவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு இது எப்படி முன்னாடியே தெரிந்தது என்ற எண்ணம் வந்தபோது, நான் நின்ற இடத்திலேயே வியர்த்துப் போனேன்.

அத்தை கண்ணைத் திறந்தார்.

"மாமா எங்க மாப்ள?" என்றார்.

"வயல்ல இருக்காரு அத்தை."

"இப்பத்தானே இங்கன நின்னாவ. ஈரக்காலோட. பூட்ஸைக் காணும். ஏன் வெறுங்காலோட வந்தியன்னு கேக்கேன், பதிலே சொல்லலை."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மாத்திரை மயக்கம். நான் கீழே பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஈரம். (வாளித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று பிறகு கோமதி சாதித்தாள். நான் தண்ணீர் எடுத்தது பின்கட்டில், கொண்டுபோனது முடுக்கு வழியாக. அதுவரை அந்த அறைக்குள் நான் காலே வைக்கவில்லை. இதைச் சொன்னால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள்.)

மாமாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். காலையிலிருந்து சார்ஜ் இல்லாத என் போன் கையிலேயே அணைந்தது. வயல், விரியன், வெறுங்கால், ஈரம் எல்லாம் ஒன்றாக ஓடிவந்து நெஞ்சில் உட்கார்ந்தன. ஒரு கடுஞ்சொல் இல்லாமல் என்னை மரியாதையாக நடத்திய மனிதர். கோமதி வந்தால் நான் என்ன சொல்வேன்.

பலகையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன். பேச்சிமுத்து அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் உடைந்துபோய் அழுதேன். அதற்காகவே காத்திருந்தது போலப் பெண்கள் பக்கம் ஒப்பாரி எழுந்தது. தெருவே நிம்மதி அடைந்தது.

அந்த ஒப்பாரி பாதியில் நின்றது. ஒரே குரல் போல, ஒரே நேரத்தில். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

தெருமுனையில் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு மாமா நடந்து வந்துகொண்டிருந்தார். சளக், சளக் என்று பூட்ஸுக்குள் தண்ணீர் சத்தம். முழங்கால் வரை சேறு. தறி ஓடாத அந்தத் தெருவில் அது ஒன்றுதான் சத்தம். கூட்டம் மெதுவாக இரண்டாகப் பிளந்து வழி விட்டது. ஒருவர் எழுந்து நிற்கப் பார்த்து நாற்காலியோடு சாய்ந்தார். சண்முகத்தாய் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

மாமா பெஞ்சைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

யார் வாயால் சொல்வது, நீங்கள்தான் என்று.

அவர் என்னைப் பார்த்தார். "மாப்ள, அவ எங்க?"

அவர் உயிரோடு நிற்கிறார் என்ற சந்தோஷத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அவர் முகம் அப்போது போன போக்கை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு காலைப் பார்த்துக்கொண்டார்.

"இந்தச் சேத்தோட அவகிட்ட எப்படிப் போவேன். இதைக் கழட்டுங்க மாப்ள" என்றார்.

பலகை என் கையிலேயே இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதை அவர் காலடியில் வைத்தேன். அவரும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு காலால் அதை மிதித்து, மறுகாலின் குதியை வெட்டுக்குள் வைத்து இழுத்தார். பூட்ஸ் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு கழன்று நின்றது. அந்தத் துக்கத்தின் நடுவிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை தலையைத் தூக்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது குதியை வைத்தபோது வாசலில் அத்தை வந்து நின்றார். அவிழ்ந்த கூந்தல், காதில் பஞ்சு. "என்ன இவ்வளவு கூட்டம்? யாரு போயிட்டா?" என்றார்.

மாமா அப்படியே பின்னால் சாய்ந்தார். பின்னால் இருந்தது பெஞ்சு. மாலையின் மேல், நேராக, நீளவாக்கில் விழுந்தார்.

ஆபரேஷன் செய்த முதுகு. மாமா வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். நான் குனிந்து அவர் முகத்துக்கு அருகில் போனேன்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "இந்த பெஞ்சு ஏன் குட்டையா இருக்கு?"

ஒரு கால் பூட்ஸோடும் ஒரு கால் வெறுமையாகவும் பலகைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அது உட்காரும் பெஞ்சே இல்லை. அந்தத் தெருவில் யார் இறந்தாலும் கிடத்திக் குளிப்பாட்டுகிற பெஞ்சு. தண்ணீர் வடியத்தான் குட்டைக்கால், அதற்குத்தான் துளை. பேச்சிமுத்து அண்ணாச்சியின் அப்பா அதில் குளித்திருக்கிறார், சண்முகத்தாய் அக்காவின் புருஷன் குளித்திருக்கிறார். முடுக்கிலிருந்து அதை வெளியே எடுத்துக் கழுவினால் தெருவுக்குச் செய்தி சொன்னதாக அர்த்தம். நான் வீடியோவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

அண்ணாச்சிதான் பேசினார். "தப்பா நினைக்காதிய தம்பி. நனைஞ்ச பெஞ்சு வெறுமன முடுக்குக்குப் போனதே இல்ல."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் அதில் ஏற்கெனவே படுத்து எழுந்துவிட்டார். அத்தையின் முகம் வெளுத்தது. மாமாவின் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து நிறுத்திக்கொண்டு, என்னைப் பார்த்து மிகத் தெளிவாகச் சொன்னார்:

"மாப்ள, நீங்க படுங்க."

"அத்தை?"

"நனைச்சது நீங்கதானே. உசுரோட ஒரு ஆளு குளிச்சு எந்திரிச்சுட்டா தோஷம் கழிஞ்சிரும். படுங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். என் பக்கம் பேச அந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள். மாமா மரியாதையாகச் சொன்னார், "பத்து நிமிஷ வேலைதான் மாப்ள."

படுத்தேன். கண்ணைத் திறக்கக்கூடாது என்றார்கள். கைகளை யாரோ ஒழுங்கு செய்தார்கள். முதுகுக்குக் கீழே மரம் குளிர்ச்சியாக இருந்தது. அந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருந்தது. தலையை வைத்ததும் அது தானாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது, பல பேர் தலை வைத்துத் தேய்த்த இடம் என்று அப்போதுதான் தெரிந்தது. நகர்த்திப் பார்த்தேன். மறுபடி அங்கேயே வந்தது. உச்சியில் எண்ணெய் வைத்தார்கள். சீயக்காய் தேய்த்தார்கள். தண்ணீர் விழுந்தது. அது என் மேல் ஓடி, துளைகள் வழியாகத் தரையில் சொட்டுகிற சத்தத்தை என்னால் எண்ண முடியும் போலிருந்தது. அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. வெளியே உலகம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைத் திறக்காமல் சொல்ல முடியவில்லை. நீட்டிக்கொண்டிருந்த என் கணுக்காலை யாரோ ஈரக்கையால் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். (யார் என்று பிறகு கேட்டேன். யாரும் பிடிக்கவில்லை என்றார்கள்.)

அந்தச் சமயத்தில் ஓர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஆட்டோவிலிருந்து இறங்கியது கோமதி. பஸ் ஸ்டாண்டிலேயே, "உங்க வீட்டுலதான்மா, வெரசலாப் போ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழியெல்லாம் எனக்குப் போன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பாவாக இருக்கும் என்று அழுதுகொண்டே இறங்கியவள், அப்பா ஒற்றைக் கால் பூட்ஸோடு நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் பெஞ்சைப் பார்த்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. அவள் கையிலிருந்து தேங்காய்ப்பை விழுந்து, தேங்காய் உருண்டு வரும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு அவள் மூச்சு என் முகத்தின் மேல். நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

அவள் முகத்தை இப்போதும் என்னால் வர்ணிக்க முடியாது. என்னைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தை, நெஞ்சை, கையை. அப்புறம் பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி, மீதித் தண்ணீர் முழுவதையும் என் மூஞ்சியில் கவிழ்த்தாள்.

"எந்திரிச்சுத் தொலைங்க" என்றாள்.

அந்த நிமிஷம் கரண்ட் வந்தது. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. நான் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் எந்த ஊர் விளையாட்டுப் போட்டியிலும் பரிசு வாங்கியிருப்பேன். கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. அது யாருடையது என்று பார்த்தால், என் அத்தை.

கோமதி மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஈரத்தலையைத் துவட்டிவிடுகிற சாக்கில் என் மண்டையைத் துண்டோடு சேர்த்து வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். இப்போது சிரிக்கிறாள். எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்து கொஞ்சம் முனகினால் போதும், "உங்களுக்குத்தான் எல்லாச் சடங்கும் முடிஞ்சாச்சே, இன்னும் என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வைத்துவிட்டுப் போகிறாள். அவள் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது படிப்பு, வேலை எதையும் சொல்வதில்லை. "குளிச்ச மாப்பிள்ளை" என்றால் போதும், எதிரில் இருப்பவர் என் கையைக் கொஞ்சம் பயத்தோடு குலுக்குகிறார்.

பலகையை எரித்துவிடலாம் என்று நான் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு சுலபமாகப் பூட்ஸ் கழன்றதே இல்லை என்றார். தினமும் சாயங்காலம் வாசலில் அதை மிதித்துத்தான் வீட்டுக்குள் வருகிறார். தெருவும் அதை ஏற்றுக்கொண்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு. பெஞ்சின் நீளம் பத்தாத ஆட்கள் இறந்தால் அந்தத் துண்டைத் தர வேண்டும். அதற்குள்ளேயே ஒருமுறை வந்து வாங்கிப்போனார்கள். கால்மாட்டில் வைத்தால் குதிகால் அந்த வெட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறதாம். முன்னைவிட இப்போதுதான் வசதி என்று பேச்சிமுத்து அண்ணாச்சி என்னிடமே சொன்னார். கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாமா அன்று சாயங்காலமே அதில் பூட்ஸைக் கழற்றினார்.

தெருக்கோடி வீட்டு ஆறுமுகம் அண்ணாச்சிக்குத்தான் இதில் தனி அக்கறை. அந்தத் தெருவிலேயே உயரமான மனிதர், வாசல் நிலை எல்லாவற்றிலும் குனிந்தே நுழைகிறவர். நல்ல திடகாத்திரமாக இருக்கிறார். ஆனால் நாங்கள் கோயம்புத்தூர் கிளம்புகிற அன்றைக்கெல்லாம் வழியனுப்ப வந்துவிடுவார். ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே என் பையை ஒருமுறை மேலாகத் தடவிப் பார்ப்பார். உள்ளே துணிமணி தவிர ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான், "சரி, போயிட்டு வாங்க தம்பி" என்று ஆட்டோவுக்கு வழி விடுவார்.